ஒரு சாண் வெட்டினால் போதும்

நவம்பர் 6, 1995. திங்கள்

காலையிலிருந்து தூறல். சைக்கிளுக்குப் பின்பக்க மட்கார்டு இல்லை. முதுகில் சேறு, நெட்டுக்கோடாக. பிரேயரில் எனக்குப் பின்னால் நின்ற எல்லாருக்கும் இலவச வேடிக்கை.

இந்த டைரி போல்ட்டுக் கடைக்காரர் அப்பாவுக்கு ஜனவரியில் கொடுத்தது. பத்து மாதம் பட்டறை மேசைக்கு முட்டாக இருந்தது. இன்று முதல் எனக்கு. எழுதக் காரணம்: அநியாயம்.

மூன்றாவது பீரியடில் ஹெச்.எம். வந்து கன்னியாகுமரி டூர் பட்டியலை வாசித்தார். பத்தாம் வகுப்பு ‘பி’யில் பேர் கொடுத்தவர்கள் முப்பத்தெட்டு. வாசித்தது முப்பத்தேழு. விட்டுப்போனது ரா. மகேஸ்வரி. நான்.

குற்றம்: போன வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் சுவர் மேப்பில் சின்னத் திருத்தம். வெள்ளைத்தாள், கருப்பு மை, அச்சு மாதிரியே எழுத்து. வங்காள விரிகுடா மேல் ‘சூலூர்க் குளம்’. அரபிக்கடல் மேல் ‘உக்கடம் பெரிய குளம்’. இந்தியப் பெருங்கடலுக்கு ‘எங்கள் தோட்டத்துக் கிணறு’. இன்ஸ்பெக்டர் குச்சியைக் கொடுத்து “இந்தியாவுக்குக் கிழக்கே என்னம்மா இருக்கு?” என்று கேட்க, முன்பெஞ்சு ராஜி மேப்பைப் பார்த்துச் சத்தமாக, “சூலூர்க் குளமுங் சார்.” கோயமுத்தூருக்குக் கிழக்கே சூலூர்தானே? ராஜி மேல் தப்பில்லை. என் மேல் கொஞ்சம்.

மேப் ஹெச்.எம். உடையது. எங்களுக்கு ஜியாகரபி எடுப்பதும் அவர்தான். ரூமுக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, கடல்னா உனக்கு அவ்வளவு எளக்காரமா?”

“நான் கடலைப் பாத்ததே இல்லீங் மிஸ்.”

“அதான் தெரியுதே.”

உண்மை அதுதான். பதினைந்து வயது. போன தூரம்: பழனி, பொள்ளாச்சிச் சந்தை, ஆழியாறு டேம். ஐந்து வயதில் அந்த டேமைப் பார்த்து “இதானுங்களாப்பா கடலு?” என்று கேட்டேனாம். அப்பா இன்னும் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார். கடலுக்கு அக்கரையே தெரியாது என்கிறார்கள். அக்கரை தெரியாத தண்ணீரை நான் ஒரு தடவை நின்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஹெச்.எம். பேனாவை மூடினார். “பதினாலாந்தேதி எக்ஸிபிஷன். வருசா வருசம் பம்புசெட்டு. போன வருசம் பதினொண்ணு. அத்தனையும் தண்ணி எறைச்சு என்ற சீலை நனைஞ்சதுதான் மிச்சம். நீ எதெ மறைச்சியோ அதையே செஞ்சு காட்டு. ஒரு காயல். கடல், நடுவுல மணல்திட்டு, உள்ள தண்ணி. தெர்மகோல ஒட்டி நீலப் பெயிண்ட் அடிச்சுட்டு வந்தயின்னா வாசல்லயே நிறுத்திருவேன். கரஸ்பாண்டென்ட் அய்யா முன்னால அது ஓடோணும். ஓடுச்சுன்னா உன்ற பேரு பட்டியல்ல. இல்லீன்னா நீ ஊட்ல.”

“செரீங் மிஸ். ஓட்டிக் காட்டறனுங்.”

எனக்கு வராதவை இரண்டே இரண்டு. கணக்கு, பயம்.

கரஸ்பாண்டென்ட் அய்யா பற்றி ஒரு குறிப்பு. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. திங்கள்தோறும் பள்ளிக்கூடம் வந்து முதல் வேலை, எல்லா டேப்பையும் தன் கையால் இறுக்குவது. ஒரு சொட்டு ஒழுகக்கூடாது. அந்த இறுக்கலில் செவ்வாய்க்கிழமை ஒருத்தராலும் திறக்க முடியாது. செவ்வாய், தாகத் திருநாள்.

நவம்பர் 7, செவ்வாய்

மழை இல்லை. டேப்பிலும் தண்ணீர் இல்லை.

ஜியாகரபி புத்தகத்தில் கடலோரத் தண்ணீர்ப் பேர்களைத் தேடி எடுத்தேன். என் உரையுடன்:

காயல் – முந்தாநாள் அம்மா கொடியில் போட்ட துணி. இன்னும் காயல.
கழிமுகம் – என் கணக்குப் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது அப்பாவின் முகம்.
முகத்துவாரம் – மூக்கு. இரண்டு உண்டு.
உப்பங்கழி – அத்தை வீட்டு ராகிக் களி.
கடனீரேரி – வாயில் நுழையவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணறு, போர், தொட்டி, குட்டை, குளம், வாய்க்கால், டேம். எல்லாவற்றுக்கும் ஒரே வேலை. வந்த தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது.

காயலைப் பார்த்த ஒரே ஆள் எங்கள் வகுப்பில் கருவாடு. நிஜப் பேர் ஜெசிந்தா. ஜூனில் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு டெலிபோன் ஆபீசில் மாற்றல். சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம் காயலோரம். முதல் நாள் “குடிக்க வெள்ளம் இருக்கா?” என்று கேட்டாள். அவர்கள் ஊரில் தண்ணீருக்கு அதுதான் பேராம். நான் ஒரு பக்கெட் நிறையக் கொண்டுவந்து “வெள்ளம் வந்துருச்சு, ஓடுங்க!” என்றேன். மறுவாரம் அவள் டிபன் பாக்ஸ் திறந்ததும் நான் வைத்த பேர் கருவாடு. வகுப்பே பிடித்துக்கொண்டது. அவள் ஒரு தடவையும் கோபப்பட்டதில்லை. சிரித்ததும் இல்லை.

மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கருவாடு, உங்கூர்ல காயல் இருக்குதல்லோ? அது எப்படி ஓடும்?”

“உனக்கெதுக்கு?”

எல்லாம் சொன்னேன். பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னாள்: “நான் சொல்லித்தாறேன். ஆனா நீயாட்டு வெச்ச பேரை நீயாட்டு எடுக்கணும். எல்லாரும் கேக்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்னு நெனைக்கிய. செஞ்சு பாரு, அப்பந் தெரியும்.”

நாலு மணிக்கு பெஞ்சு மேல் ஏறினேன். எல்லாரும் பார்த்தார்கள். தொண்டை வரைக்கும் ‘ஜெ’ வந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது: “அறிவிப்பு! இன்று முதல் கருவாடு விற்பனை நிறுத்தப்படுகிறது!” ஒரே கைதட்டல். மேசையில் தாளம். அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

சைக்கிள் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடினேன்.

“எட்டீ, அது சேராது,” என்றாள். “ஆனாலும் சொல்லுதேன், கேளு. பொழின்னா காயலுக்கும் கடலுக்கும் எடையில உள்ள மணல்திட்டு. வேனல்ல கடலே மண்ணைக் கொண்டுவந்து அடைச்சிரும். மழை பெஞ்சா காயல் நெறைஞ்சு வீட்டுக்குள்ள ஏறும். அப்பம் ஊர்ல உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போவாங்க, பொழி வெட்ட. ஒரு சாண் வெட்டுனா போதும், பாத்துக்கோ. மிச்சத்தத் தண்ணியே வெட்டிக்கிடும்.”

“எவ்வளவு நேரத்துல?”

“நீ ஒரு பாக்கெட் முறுக்கு தின்னு முடிக்கதுக்குள்ள.”

நான் முறுக்கு தின்னும் வேகத்தை அவள் கவனித்திருக்கிறாள்.

நவம்பர் 8, புதன்

அப்பாவின் பட்டறை. பம்புக்கு வார்ப்பு ஊற்றும் இடம். ஆறடிக்கு மூன்றடி இரும்புத் தகடு, நான்கு பக்கமும் மடித்து வெல்டு வைத்து வாங்கிவிட்டேன். ஒரு முனை கடல், பள்ளம். மறு முனை காயல், மேடு. நடுவில் பொழிக்கு மண் வேண்டும்.

“ஏனுங்ப்பா, மண்ணு கொஞ்சம் வேணுமுங்.”

அப்பா சிரித்தார். “கண்ணு, பவுண்டரிக்காரன் ஊட்ல பொறந்துட்டு மண்ணு கேக்கறயே. அக்கட்டால பாரு, மலையாட்டக் கெடக்குது.”

மோல்டர் பழனிச்சாமி அண்ணன் தானே முன்வந்தார். பம்பின் வடிவத்தை மண்ணில் பதித்து எடுப்பது இருபது வருடமாக அவர் வேலை. கருமண்ணைச் சலித்து, இடித்துக் கிட்டித்து, கரண்டியால் தேய்த்து, ஓரம் மழித்து… பொழி தயார். கடலோரத்தில் இப்படி வழவழவென்று ஒரு மணல்திட்டு இருந்தால் கடலே வெட்கப்படும்.

“பாருங் அம்மணி. ஒரு மணி உதுராதுங்,” என்றார்.

அம்மா வந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்குது, ஆட்டாங்கல்லுக்கு மேடை கட்டுனாப்பல.”

நவம்பர் 9, வியாழன்

தோல்வி. விவரம் கீழே.

சாயங்காலம் கரு… (அடித்து எழுதுகிறேன்) ஜெசிந்தா பட்டறைக்கு வந்தாள். காயல் பக்கம் மூன்று குடம் ஊற்றினோம். நான் ஸ்பூனால் பொழியில் ஒரு கோடு வெட்டினேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் ஒழுங்காக, நல்ல பிள்ளையாக, சிமெண்டு வாய்க்காலில் போகிற மாதிரி போனது. கோடு அகலமாகவில்லை. கரை சரியவில்லை. பத்து நிமிடம். இருபது. நான் முறுக்கு தின்று முடித்து, அவள் பங்கையும் தின்றுவிட்டேன்.

இரும்பைக் காய்ச்சி ஊற்றினாலும் சரியாமல் நிற்கவேண்டும் என்று களிமண் பொடி கலந்து பக்குவப்படுத்திய மண். மூன்று குடம் தண்ணீருக்கா சரியும்? போதாக்குறைக்கு அதில் கலந்திருந்த நிலக்கரித் தூள் கரைந்து வங்காள விரிகுடா தார் டின் ஆகிவிட்டது.

பழனிச்சாமி அண்ணனுக்குத் தலைகால் புரியாத பெருமை. “ஒடையிலீங்களே! நான் சொன்னனல்லங்!”

“அண்ணா, அது ஒடையோணுமுங்.”

“ஏனுங் ஒடையோணும்?”

“ஒடைஞ்சாத்தானுங் நான் கன்னியாகுமரி போக முடியும்.”

அவர் என்னையும் பொழியையும் மாறி மாறிப் பார்த்தார். “இருவது வருசத்துல ஒடையற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுன்னு யாரும் கேட்டதில்லீங் அம்மணி.”

ஜெசிந்தா சிரித்தாள். முதல் தடவை பார்க்கிறேன். முன்பல் ஒன்று லேசாகக் கோணல்.

நவம்பர் 10, வெள்ளி

தேவை: ஒட்டாத மண். வெறும் ஆற்று மணல். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா வீடு கட்டுகிறார். வாசலில் மணல் குவியல். காலையில் கொத்தனார் வருவதற்கு முன் இரண்டு சாக்கு எடுத்துவிட்டு, குச்சியில் ஒரு சீட்டைக் குத்தி வைத்தேன்:

‘எங்களில் சிலர் கடலுக்குப் போயிருக்கிறோம். திரும்பி வருவோம். இப்படிக்கு, மணல்.’

மத்தியானம் அம்மா சொன்னது: கொத்தனார் அதைப் படித்துவிட்டு, அந்தப் பக்கம் எச்சில் துப்பிவிட்டு, மறுபடி படித்தாராம்.

ஸ்கூலில் ராஜி கேட்டாள், “ஏன்டி, கருவாடுகூடச் சுத்தறயாமே?”

“ஆமா,” என்றேன். அவள் பேரைச் சொல்லித் திருத்தியிருக்கலாம். ஜெசிந்தா இரண்டு பெஞ்சு தள்ளித்தான் இருந்தாள். காது கேட்கும் தூரம்.

நாக்கு என் சொந்த நாக்குதான். மற்ற எல்லாவற்றுக்கும் புரளும்.

நவம்பர் 12, ஞாயிறு

ஓடிவிட்டது! ஓடிவிட்டது!! எழுதுகிற கை இன்னும் ஈரம்.

காலையில் இருந்து ஐந்து தடவை பொழி கட்டினோம். ஒன்று தானாகவே கரைந்தது (அகலம் போதவில்லை). இன்னொன்றில் பூனை நடந்தது. ஐந்தாவதில் சுண்டுவிரலால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். தண்ணீர் முதலில் வரிசையின் முன்னால் நிற்கப் பயப்படுகிற எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி வந்தது. நின்றது. அப்புறம் ஒரு பக்கக் கரையிலிருந்து ஒரு கட்டி மணல் பொத்தென்று விழுந்தது. எதிர்ப்பக்கம் ஒன்று. நான்கு விரல் அகலம். ஒரு முழம். காயல் முழுக்க அதை நோக்கித் திரும்பியது. நான் பின்னால் நகர்ந்து நின்றேன், நிஜமாகவே பயந்து. (‘பயம் வராது’ என்று எழுதியதை ரத்து செய்கிறேன்.)

தண்ணீர் தாழ்ந்ததும் ஜெசிந்தா கடல் பக்கம் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் பிடித்து அசைத்தாள். அலை. அந்த அலை திறந்த வாய் வழியாகக் காயலுக்குள் வந்தது. அவள் கிழித்துப் போட்ட காகித மீன்கள் அதோடு உள்ளே ஏறின.

“பொழி தெறந்தாத்தான் கடல்ல உள்ள றால் குஞ்சு காயலுக்குள்ள ஏறும். அதுதான் எங்களுக்கு வெள்ளாமை,” என்றாள். நான் காகித மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் போகவிட்டு விளைவிக்கிற ஊர்!

காயல் கரையில் தீப்பெட்டி வீடுகள், இருபத்திரண்டு. எல்லாம் அவள் செய்தது. ஒன்றுக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட்.

“அது யார் வீடு?”

“நாங்க இருந்த வீடு.”

கரண்டு வேண்டாம் என்று முடிவு. அலைக்கு ஜெசிந்தா, ஆற்றுக்குக் குடம். மின்வெட்டு வந்தால் பம்புசெட்டுகள் எல்லாம் மௌன அஞ்சலி. நம் கடல் நிற்காது.

நவம்பர் 13, திங்கள்

பட்டறை டெம்போவில் கடல் ஸ்கூலுக்குப் போனது. பம்புசெட்டு எண்ணிக்கை: ஒன்பது. முன்னேற்றம்.

நாளை சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துவிட்டேன். “மாண்புமிகு தாளாளர் அவர்களே, கடலுக்கும் காயலுக்கும் இடையே அமைந்துள்ள…” இரண்டு பக்கம். தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

ஜெசிந்தாவிடம், “நாளைக்கு முடிஞ்சதும் பேரை எடுத்தறேன். சத்தியமா.”

“சத்தியம் வேண்டாம். பேரு போதும்,” என்றாள்.

நவம்பர் 14, செவ்வாய்

வெயில். ஹால் நிறைய அப்பாக்கள். பாதிப் பேர் பட்டறை, மீதிப் பேர் தோட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் நானே இன்னும் நம்பவில்லை.

பதினொன்றரைக்குக் கரஸ்பாண்டென்ட் அய்யா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கூடவே ஹெச்.எம். ஒன்பது பம்புசெட்டையும் பார்த்து ஒன்பது தடவை “நல்லா எறைக்குது” என்றார். பிறகு எங்கள் காயல் தகட்டுக்கு முன்னால் நின்றார். எங்கள் வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது. எங்கள் அப்பா பின்வரிசையில், சுத்தமான சட்டையில்.

காயல் விளிம்பு வரை தண்ணீர். சுண்டுவிரலால் கோடு போட்டேன். வந்தது. கரை விழுந்தது. இரண்டு விரல். நான்கு விரல்…

“அடடடடா!” என்றார் அய்யா. “தண்ணி போகுது பாருங்!”

வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். இரண்டு கையிலும் மணலை அள்ளி, உடைப்பில் அப்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜியின் அப்பா: “இக்கட்டால கசியுதுங்!” அவர் ஒரு கை. இன்னொருத்தர் பூந்தொட்டியிலிருந்து ஒரு ஓட்டாஞ்சில்லு. அய்யா தோள் துண்டையே எடுத்து மடையில் திணித்து மேலே மண் பூசினார். மூன்று பேருக்கும் பழகின கை. இருட்டில் கூடச் செய்வார்கள். பத்து எண்ணுவதற்குள் அந்தப் பொழி பழனிச்சாமி அண்ணனின் கிட்டிப்பை விடக் கெட்டி.

“இனிப் போகாதுங்,” என்றார் ராஜியின் அப்பா.

ஹாலே கைதட்டியது! என் அப்பாவும் தட்டினார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அய்யா கையைத் தட்டிவிட்டு, “ஏனம்மணி, இத்தனை தண்ணியவா வீணா உடறது? ஒரு வயலுக்குப் பாயுமல்லோ. சித்தெ கவனமா இருக்கோணும் கண்ணு.”

ஹெச்.எம். முகம்: ஓடவில்லை என்றால் நீ ஊட்ல.

நான் “மாண்புமிகு தாளாளர் அவர்களே” என்றேன். அதற்கு மேல் இரண்டு பக்கமும் காலி. கிண்டல் கூட வரவில்லை. அய்யா அடுத்த மேசைக்குத் திரும்பிவிட்டார். கன்னியாகுமரி அவரோடு நடந்து போகிறது.

“ஜெசிந்தா!” என்று கத்திவிட்டேன். “ஜெசிந்தா, நீ சொல்லு!”

ஹால் முழுக்கக் கேட்டது. வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ “யாரு?” என்றாள். “ஜெசிந்தா,” என்றேன் மறுபடி. “அவ பேரு ஜெசிந்தா. இது அவ ஊரு.”

அவள் பலகையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்து, காயலுக்குள் ஊற்ற ஆரம்பித்தாள். மெதுவாக.

“ஐயா, மழை நிக்கல்ல,” என்றாள். “ஆத்து வெள்ளம் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க அடைச்சிட்டீங்க. இனி இது எங்க போவும்?”

அய்யா திரும்பினார்.

காயல் ஏறியது. முன்வரிசைத் தீப்பெட்டிகள் நனைந்தன. அடுத்த வரிசை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வீடுகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்பி, மிதந்து, ஒன்றோடொன்று இடித்தன. சிவப்பு வீடு சுற்றிச் சுற்றி வந்து, அய்யா கட்டிய கரையில், அவர் கட்டைவிரல் பதிந்த இடத்திலேயே முட்டி நின்றது.

“அது எங்க வீடு ஐயா.”

ஒரு பம்புசெட்டு மட்டும் இறைத்துக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள்.

அய்யா சிவப்புத் தீப்பெட்டியை எடுத்துத் தண்ணீரை உதறினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, “எத்தனை வெட்டோணும் கண்ணு?”

“ஒரு சாண் போதும். மிச்சத்தத் தண்ணியே வெட்டிக்கிடும்.”

அவரே குனிந்தார். துண்டை உருவினார், ஓட்டாஞ்சில்லை எடுத்தார், ஒரு விரலால் கோடு போட்டார். கரை விழுந்தது, மறு கரை விழுந்தது, காயல் முழுக்கத் திரும்பி ஓடியது. இந்தத் தடவை யாரும் குனியவில்லை. ராஜியின் அப்பா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அய்யா கடைசிச் சொட்டு வரை பார்த்தார், நெருங்கின சொந்தக்காரரை ரயிலேற்றி விடுகிற மாதிரி.

ஜெசிந்தா பலகையை அசைத்தாள். காகித மீன்கள் உள்ளே ஏறின.

“அட,” என்றார் அய்யா. “திரும்பி வருதா?”

“வரும் ஐயா. எங்களுக்கு அதுதான் வெள்ளாமை.”

அய்யா ஈரத் துண்டைப் பிழிந்தார். பழக்கம் போகுமா? பிழிந்தது பூந்தொட்டியில்தான்.

போகும்போது ஹெச்.எம். என்னிடம் தாழ்ந்த குரலில்: “வெட்டுனது அய்யா. பேசுனது ஜெசிந்தா. இதுல நீ என்ன செஞ்சே?”

“நான் கூப்பிட்டனுங் மிஸ்.”

அய்யா பின்னாலேயே போய்விட்டார்.

நவம்பர் 15, புதன்

இரவு தூக்கம் இல்லை என்று எழுத ஆசை. தூங்கிவிட்டேன்.

காலை நோட்டீஸ் போர்டில் டூர் பட்டியல் புதிதாக. முப்பத்தெட்டாவது பேர்: ரா. மகேஸ்வரி.

நம்பவில்லை. நோட்டீஸ் போர்டு என் தொழில் நடக்கும் இடம். பசை ஈரமா என்று தொட்டேன். ஈரம். எழுத்தை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். ‘ஸ்வ’ கொஞ்சம் சந்தேகம். ராஜி வேலையாக இருக்கலாம். நேராக ஹெச்.எம். ரூம்.

“மிஸ், அந்தப் பட்டியல் நிஜமுங்களா?”

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். “நான் ஒட்டுனா நம்பமாட்ட. நீ ஒட்டுனா ஊரே நம்பும். போ, கிளாசுக்கு.”

வகுப்பில் ராஜி, “ஜெசிந்தா, ஸ்கேல் குடு,” என்றாள். சாதாரணமாக. நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். எழுதிவைக்கிறேன்: அவ்வளவுதான் என்று நினைத்தது அவ்வளவுதான் இல்லை. செய்து பார்த்தேன், தெரிந்தது.

சாயங்காலம் இரண்டு சாக்கு மணலையும் சித்தப்பா வீட்டுக் குவியலில் கொட்டினேன். என் சீட்டு அங்கேயே இருந்தது. பின்பக்கம் கொத்தனார் கரித்துண்டால் எழுதியிருந்தார்: ‘வந்து சேந்தது. ஈரமா இருக்குது. உப்பு இல்லை.’

நவம்பர் 25, சனி. கன்னியாகுமரிப் பக்கம்

கடல். காலை ஆறு மணிக்கு. பஸ் ஜன்னலில் முதலில் ஒரு கோடு, அப்புறம் எல்லாமே.

அக்கரை இல்லை. இந்தப் பக்கமும் பார்த்தேன், அந்தப் பக்கமும் பார்த்தேன். நிஜமாகவே யாரும் வைக்கவில்லை. கிண்டல் செய்ய ஏதாவது தேடினேன். பிறகு பார்க்கலாம்.

மத்தியானம் ஜெசிந்தாவின் ஊர். ஹெச்.எம். டூர் திட்டத்தில் சேர்த்துவிட்டார். பொழி வெட்டி நாலு நாள் ஆகிறதாம். வாய் எங்கள் ஸ்கூல் கிரவுண்டு அகலம். பழுப்புத் தண்ணீர் உறுமிக்கொண்டு கடலுக்குள் போகிறது, போகிறது, நிற்கவே இல்லை. நடுவில் பச்சையும் பழுப்பும் ஒன்றையொன்று தள்ளுகிற இடத்தில் நுரை.

கரஸ்பாண்டென்ட் அய்யாவும் வந்திருக்கிறார். டூருக்கு இதுவரை வந்ததே இல்லையாம். கரையில் நின்று, கையைப் பின்னால் கட்டி, ஒரு கையை மறு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். முன்கையில் நரம்பு தெரிந்தது. ஹெச்.எம். பக்கத்தில் போய், “அய்யா, இங்க டேப்பு இல்லீங்.”

“தெரியுதுங் டீச்சர். அதான் கையப் புடிச்சிருக்கேன்.”

நான் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஈர மணலில் நடந்தேன். பெரிய வாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டம், இரண்டு விரல் அகலம், காயலிலிருந்து கடலுக்குப் புது வழி தேடிக்கொண்டு. நின்று அதைப் பார்த்தேன். அய்யாவைப் பற்றி அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“எட்டீ,” என்றாள் ஜெசிந்தா, “காலை எடு.”

குனிந்து பார்த்தேன். என் வலது கால் அந்த ஓட்டத்தின் குறுக்கே. குதிகாலால் மணலை ஒதுக்கி, சுத்தமாக மடை கட்டியிருந்தேன்.

எடுத்தேன்.